திருப்புளி யார் கையில்

திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலில் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் இராசாதிராசன் காலத்தது. இந்த ஊரில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரி நடந்ததை அது சொல்கிறது. வேதமும் சாத்திரமும் படிக்க, நிலம் விட்டு நெல் அளந்திருக்கிறார்கள். ஊரின் பழைய பெயர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். சோழ அரசி ஒருத்தியின் பெயர் அது. ஊருக்குப் பெண்ணின் பெயர். ஆனால் அந்த 272 பேரில் ஒரு பெண்கூட இருந்திருக்க வழியில்லை.

தையல் மெஷினைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு இந்தக் கல்வெட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. எங்கள் கொம்யூனில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் மெஷின் இருக்கிறது. ஓட்டுவது பெண்கள். அது நின்றுபோனால் மட்டும் ஓர் ஆண் வரவேண்டும். பொருளைக் கொடுத்தவர்கள் அதன் படிப்பைக் கொடுக்காமல் விட்டது எப்படி என்பதுதான் என் கேள்வி.

புதுச்சேரியின் துணி வரலாறு என்றால் ஆலைகளின் வரலாறுதான் எழுதப்பட்டிருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட 12 தொழிலாளர்கள், அதன்பின் வந்த எட்டு மணி நேர வேலை: இவை எழுதப்படவேண்டியவையே. திருபுவனையிலும் கூட்டுறவு நூற்பாலை வந்தது. ஆலைக்கு வெளியே, வீட்டுக்குள் ஓடிய மெஷினுக்கு மணிக்கணக்கும் இல்லை, வரலாறும் இல்லை.

மெஷினின் கதை ஆண்களின் சண்டையோடு தொடங்குகிறது. அப்போது நம்மை ஆண்ட பிரான்சில் பார்தெலமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே, தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பாரிஸ் தையல்காரர்கள் அவருடைய பட்டறையில் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். அமெரிக்காவில் ஐசக் சிங்கர் வந்தது 1850இல். பாஸ்டன் பட்டறை ஒன்றில் அடிக்கடி மக்கர் செய்துகொண்டிருந்த வேறொருவரின் மெஷினைப் பார்த்தார். அதன் ஷட்டில் வட்டமாகச் சுற்றியதுதான் கோளாறு. நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகட்டும் என்றார். 1851இல் காப்புரிமை வாங்கினார். உலகமே அறிந்த அந்த மெஷின் ஒரு பழுதுபார்ப்பிலிருந்து பிறந்தது.

இயந்திரங்களை எதிர்த்த காந்தி, 1924இல் சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்து, அவள்மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். நல்ல கதை. ஆனால் சிங்கர் ஒரே நேரத்தில் பல பெண்களோடு தனித்தனிக் குடும்பம் நடத்தியவர். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகப்பன். மெஷினில் அவரை இழுத்தது பணம். பெண்ணுக்கு வரும் எந்தக் கருவியையும் ஆணின் அன்பளிப்பாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு அப்போதே இருந்திருக்கிறது. 1873இல் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் வளைந்து வளைந்து தைக்கும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். நாம் இன்று ஜிக்ஜாக் என்கிறோமே, அது. அவர் பெயரை எந்தத் தையல் வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இந்தியாவுக்கு வந்தபோதும் மெஷின் முதலில் ஆண் தையல்காரர்களிடம்தான் போனது. சேலைக்குத் தையல் எதற்கு? ரவிக்கை பரவிய பிறகு, அளவு கொடுக்க ஆணிடம் போகக் கூச்சப்பட்ட பெண்கள் தெருவில் தைக்கத் தெரிந்த அக்காவைத் தேடினார்கள். 1935இல் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் இன்ஜினியரிங்கின் உஷா மெஷின் சீர்வரிசையிலும் ஏறியது. பிறகு அரசு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் ஏழைப் பெண்களும் பெறலாம். தைக்கத் தெரியும் என்று சான்றிதழ் கேட்பார்கள். பழுதுபார்க்கத் தெரியுமா என்று கேட்பதில்லை; கேட்டால் சொல்லிக்கொடுக்கவும் வேண்டுமே.

நான் போன தையல் வகுப்பில் ஆறு மாதமும் காகிதம் வெட்டினோம். மெஷின் மக்கர் செய்தால் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததில் உட்காரச் சொல்வார்கள். நான் மெஷினைப் படித்தது என் பெரியம்மாவிடம். தீபாவளிக்கு முந்தின வாரம் மெஷின் நின்று, மெக்கானிக் அண்ணன் நான்கு நாள் வராமல், வாங்கிய துணியை எல்லாம் அவர் திருப்பிக் கொடுத்த வருடம் ஒன்று உண்டு. அடுத்த முறை அந்த அண்ணன் வந்தபோது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ போய் டீ போடு அக்கா" என்றவரிடம், "டீ அப்புறம் போடறேன், நீ கழட்டு" என்றாராம்.

அவருக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். துணிக்கு அடியில் நூல் சிக்கிக்கொண்டு கூடு கட்டினால் எல்லாரும் பாபினைத் திட்டுவோம். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நூல் கோக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூல் உள்ளே உட்காரும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்ற வேண்டும். ஊசி அடிவரை போய்ச் சற்றே மேலே எழும்போது நூல் ஒரு சின்ன வளையமாகிறது. அந்த வளையத்தைத்தான் ஷட்டிலின் மூக்கு பிடிக்கிறது. ஊசி கொஞ்சம் வளைந்திருந்தாலும் மூக்குக்கு வளையம் எட்டாது. துணி நகராவிட்டால் ஊசித் தட்டைக் கழற்றினால் போதும், பல் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்திருக்கும். மிதிக்கக் கனத்தால் எண்ணெய். அதுவும் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிவிடும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க வைத்தது போர்வைதான். பழைய நூல்சேலைகள் நாலைந்தை அடுக்கி, மேலே ரவிக்கை வெட்டில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரே போர்வையாகத் தைப்பார். வங்காளத்தில் காந்தா என்றும் வட கர்நாடகத்தில் கவுதி என்றும் பெண்கள் கையால் தைக்கும் அதே வேலை. அவை இப்போது கண்காட்சிக்குப் போகின்றன. பெரியம்மாவினுடையது பேரப்பிள்ளைக்கு அடியில் போனது. அடுக்குத் துணியில் மெஷின் எதிலெல்லாம் தடுமாறும் என்று அவருக்கு மனப்பாடம். கீழ்த்துணியைப் பல் இழுக்கும், மேல்துணியைப் பாதம் தடுக்கும். அதனால்தான் அடுக்கு நழுவிச் சுருக்கம் விழுகிறது. மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம் விற்கிறது, அவரிடம் இல்லை. ஆகவே மெஷின் தலைமேல் இருக்கும் அழுத்தத் திருகை இளக்குவார். முதலில் கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுவிடுவார். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போவார், ஓரத்திலிருந்து உள்ளே வரமாட்டார். 14ஆம் எண் ஊசியை எடுத்துவிட்டு 16, இன்னும் கனம் என்றால் 18. தையலை நீளமாக்குவார். ஒட்டுகள் நாலு சேரும் முடிச்சில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். போர்வையைத் தொடுமுன் அதே அடுக்கில் ஒரு துண்டைத் தைத்துத் திருப்பிப் பார்ப்பார்: அடியில் வளையம் தெரிந்தால் மேல்நூல் தளர்வு, மேலே அடிநூல் எட்டிப்பார்த்தால் மேல்நூல் இறுக்கம்.

இது பொறியியல். அவர் வீட்டில் இதற்குப் பெயர் "பெரியம்மாவுக்குக் கைராசி".

பீஸ் ரேட்டுக்கு வீட்டில் தைக்கும் பெண்களுக்கு இந்தப் படிப்பு இன்னும் அவசரம். ஊசி, நூல், எண்ணெய், கரண்ட், மெக்கானிக் கூலி எல்லாம் அவர்கள் தலையில். மெஷின் நின்ற நாளுக்குச் சம்பளம் இல்லை. துணி கொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா நட்டமும் இல்லை.

புது மெஷினோடு சின்னப் பெட்டி ஒன்று வரும். நாலு பாபின், ஊசி, எண்ணெய்க் குப்பி, விரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி. பல வீடுகளில் அது பீரோவில் பிரிக்காமலே கிடக்கிறது. தைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று யார் வந்தாலும், "அந்தப் பொட்டியையும் எடுத்துக்கிட்டு வா" என்றுதான் பெரியம்மா அனுப்புவார். ஊசித் தட்டைக் கழற்றி, பஞ்சைத் துடைத்து, திரும்பப் பூட்டிக் காட்டிய பிறகே ரவிக்கை வெட்டக் காகிதம் எடுத்துக் கொடுப்பார்.