பீப்பாய்க்குள் கெட்ட தண்ணீர்

சென்னை ராயபுரத்துக்குத் தெற்கே, அன்று கருப்பர் நகரம் எனப்பட்ட பகுதியின் வடக்கு ஓரத்தில், கேப்டன் பேக்கரின் திட்டப்படி 1772-இல் ஏழு கிணறு உருவானது. புனித ஜார்ஜ் கோட்டைக்காக வெட்டிய அந்தக் கிணறுகளின் தண்ணீர் கப்பல்களுக்கும் போயிற்று. நெடும்பயணத்திலும் கெடாது என்று பெயரும் வாங்கியது. அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் தண்ணீரையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் கப்பலில் அந்தத் தண்ணீரை வைத்திருந்தது ஓக் மரப் பீப்பாய். கடலில் தண்ணீர் நாறியதற்குக் கிணற்றையும் ஆற்றையும் குற்றம் சொன்னவர்கள் பீப்பாயை முதலில் சந்தேகித்திருக்க வேண்டும்.

மரம் சும்மா இருப்பதில்லை. புதுப் பீப்பாயில் ஊற்றிய தண்ணீர் மரத்தின் துவர்ப்பை இழுத்துப் பழுப்பேறும். மரத்திலிருந்து கரைந்து வருவது நுண்ணுயிர்களுக்குத் தீனி. மூடிய பீப்பாய்க்குள் அவை ஆக்சிஜனைத் தின்று தீர்த்த பிறகு, தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் வகை தலையெடுக்கும். அதுதான் அழுகிய முட்டை நாற்றம். மூடியைத் திறந்து காற்றாட வைத்தால் நாற்றம் பெருமளவு போய்விடும். தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர் முதலில் நாறிப் பிறகு தெளியும் என்று மாலுமிகள் சொல்லிவந்ததை இதைக்கொண்டே விளக்கலாம். அப்படியானால் ஏழு கிணற்றுக்குக் கிடைத்த நல்ல பெயர் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்றுதானே காட்டுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அழுக்குக் குறைந்த ஊற்றுநீரில் நுண்ணுயிர்களுக்குத் தீனி குறைவு, ஆகவே மெதுவாகக் கெடும். ஆனால் மரம் தன் பங்குக்குத் தீனி போட்டுக்கொண்டேதான் இருக்கும். இதைத் தடுக்க, பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கச் சொன்னார். 1803-இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ரஷ்யத் தளபதி குருசென்ஷ்டெர்ன் அதைச் செய்து பார்த்து, தண்ணீர் நன்றாக இருந்ததைக் கண்டார். 1815 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை இரும்புத் தொட்டிக்கு மாறியது. இரும்பு துருப்பிடித்துத் தண்ணீரைச் செந்நிறமாக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் துரு அடியில் படியும். மரச்சாறுபோல நுண்ணுயிர்களுக்கு உணவாகித் தண்ணீரை நாற வைக்காது.

தண்ணீரைவிட அதைத் தொடும் பொருளை முதலில் சந்தேகிக்கும் இந்தக் கணக்கு இன்றைய வடசென்னைக்கும் பொருந்தும். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை 2010-இல் தொடங்கியது. அதன் தண்ணீர் திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டுக் குழாயில் புது டியூப் மாட்டியதும் தண்ணீரில் மருந்து வாடை வந்தால், கடல் தண்ணீர் அப்படித்தான் என்று ஆலையின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கிறது. சில ரப்பர், பிளாஸ்டிக் டியூப்களிலிருந்து கசியும் ஃபீனால் வகைப் பொருள்களோடு அது சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். மிகச் சிறிய அளவிலேயே நாக்கு அதைக் கண்டுகொள்ளும். கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது. அதே குழாயில் நேராக ஒரு கண்ணாடி டம்ளர் பிடித்து, டியூப் வழியாக இன்னொரு டம்ளர் பிடித்து, இரண்டையும் முகர்ந்து பார்க்க வேண்டும். முதல் டம்ளரிலும் அதே வாடை இருந்தால் குடிநீர் வாரியத்திடம் புகார் கொடுக்கலாம். இரண்டாவதில் மட்டும் இருந்தால், குடிநீருக்கென்று தயாரித்த டியூப்பாகப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.