மூன்று நாள் வாய்ப்பூட்டு

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. கிள்ளானில் இருக்கும் என் மாமா மகன் காலைக் காட்சியிலேயே ‘கங்குவா’ பார்க்கப் போனவன், இடைவேளையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டான். “காது கிழியுது மச்சான். அத்தைய கூட்டிட்டுப் போயிடாதீங்க.” மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு, நமக்கு அது 11.30. சென்னையில் படம் தொடங்கும்போதே பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுத் திட்டம் ரத்தாகிவிட்டது. நாலு பேர் டிக்கெட், பாப்கார்ன் என்று போனால் நூறு வெள்ளி சாதாரணமாகக் கரையும்.

அடுத்த வாரமே தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்களை விமர்சனங்கள் பாதித்துவிட்டனவாம். முதல் நாள் முதல் காட்சியில் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களைத் திரையரங்கு வளாகத்துக்குள் விடக்கூடாது என்பது கோரிக்கை. பேச்சு பழசுதான். 2017இல் சங்கத் தலைவராக இருந்த விஷால், படம் வெளியாகி மூன்று நாள் கழித்து விமர்சனம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேரளத்தில் உயர் நீதிமன்றம் நியமித்த ஆலோசகர் 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில் அது 48 மணி நேரமாக இருந்தது.

இது நம்ம சினிமாக்காரர்களின் வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். பாரிஸ் ஆடை உலகத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்த நினைப்பு மாறியது.

1950களின் நடுவில் கிறிஸ்டோபல் பாலென்சியாகாவும் ஜிவான்ஷியும் பத்திரிகையாளர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். மொத்தமாக அல்ல. கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் முதலில் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் பத்திரிகைக்காரர்கள் உள்ளே வரலாம். இது பத்தாண்டுக்கு மேல் நடந்தது. வடிவமைப்பு வெளியே கசிந்து நகலெடுக்கப்படும் என்ற பயமும் அதில் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். எழுதுகிறவனின் வாயை யாரும் கட்டவில்லை. விற்பனை முடியும்வரை தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். பாரிஸில் ஒரு மாதம், கொச்சியில் 48 மணி நேரம், சென்னையில் மூன்று நாள். சரக்கு கைமாற எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு மௌனம் கேட்கிறார்கள்.

தனி ஆளைக் குறிவைத்து விலக்குவது வேறு வகை. 2012இல் எடி ஸ்லிமான், சான் லோரான் நிறுவனத்துக்காகத் தன் முதல் பெண்கள் ஆடைக் காட்சியை நடத்தியபோது நியூயார்க் டைம்ஸின் கேத்தி ஹோரினை அழைக்கவில்லை. ஹோரின் கண்டுபிடித்த காரணம் 2004இல் தான் எழுதிய ஒரு கருத்து: ராஃப் சைமன்ஸ் என்ற வடிவமைப்பாளர் போட்ட பாதை இல்லாவிட்டால் ஸ்லிமான் இல்லை. எட்டு வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார்! நம்ம ஊர்க் கல்யாண வீட்டில் பத்திரிகை வைக்காமல் விடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஹோரின் படங்களைப் பார்த்து விமர்சனம் எழுதினார். ஸ்லிமான் ட்விட்டரில் திட்டினார்.

அழைப்பிதழ் கொடுப்பவன் இஷ்டம் என்று இதை விட்டுவிடலாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால்? அதற்கும் 1915இல் ஒரு வழக்கு இருக்கிறது. நியூயார்க்கில் பல அரங்குகளை வைத்திருந்த ஷூபர்ட் சகோதரர்களுக்கு, டைம்ஸ் விமர்சகர் அலெக்சாண்டர் உல்காட் ஒரு நாடகத்தைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லை. பத்திரிகைக்கு வழக்கமாக அனுப்பும் டிக்கெட்டோடு, வேறு ஆளை அனுப்புங்கள் என்று கடிதமும் வைத்தார்கள். பத்திரிகை அதைத் திருப்பியனுப்பியது. உல்காட் சொந்த டிக்கெட்டோடு போக, வாசலில் தடுத்தார்கள். வழக்கு மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் 1916இல் ஷூபர்ட்கள் ஜெயித்தார்கள். இனம், மதம், நிறம் பார்த்து ஒதுக்குவதைத்தான் சட்டம் தடுக்கிறது, விமர்சகனை ஒதுக்குவதை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் டைம்ஸ் ஷூபர்ட்களின் விளம்பரங்களை வாங்க மறுத்துவிட்டது. கடைசியில் இறங்கி வந்தது ஷூபர்ட்கள்தான்.

சென்னை அறிக்கையில் என்னை உறுத்துவது இதுதான். ஹோரினுக்கும் உல்காட்டுக்கும் பின்னால் ஒரு பெரிய பத்திரிகை நின்றது. சென்னையில் தடுக்கச் சொன்னது மைக் பிடிக்கிறவர்களை. ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று பேசுகிறவன் டிக்கெட் வாங்கி வந்தவன், அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்கள், படமே பார்க்காமல் பேசுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கலாம். பல கோடி போட்டவனின் வயிற்றெரிச்சலும் புரிகிறது. ஆனால் ‘கங்குவா’ விஷயத்தில் என்ன நடந்தது? சத்தம் அதிகம் என்ற புகாரைத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே ஏற்றுக்கொண்டு, ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளுக்குச் சொன்னார். பிறகு படத்தில் 12 நிமிடம் வெட்டப்பட்டது. மூன்று நாள் எல்லோரும் வாயை மூடியிருந்தால், அந்த மூன்று நாளும் போனவர்களுக்கெல்லாம் காது வலித்திருக்கும்.

முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு இன்னொரு தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 3ஆம் தேதி நீதிபதி எஸ். சௌந்தர் இடைக்காலத் தடை தர மறுத்தார். தந்திருந்தாலும் கிள்ளானில் இருக்கும் மச்சானை அது எப்படிக் கட்டுப்படுத்தியிருக்கும் என்பது தெரியவில்லை.

டிசம்பரில் படம் ஓடிடிக்கு வந்தது. அம்மா வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பரவாயில்லையேடா. இதுக்கா அன்னிக்கி அந்தப் பய அவ்வளவு பேசுனான்?”