முதுகில் முளைத்த கொம்பு

ஒரு வாரமாக என் மேஜை முழுக்கக் காண்டாமிருகம். வரும் ஜனவரியில் வேடந்தாங்கலில் ஓவியர்களுக்காக இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று நடக்கிறது. காலையில் கேமரா, மாலையில் ஸ்கெட்ச் புத்தகம். ஏற்பாடு செய்யும் நண்பர் போன் பண்ணி, "நீங்க வரலாறு பத்தி அரை மணி நேரம் பேசிடுங்க, லேசா இருந்தா போதும்" என்றார். லேசாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது நோட்டில் நாற்பது பக்கம் ஆகிவிட்டது. பேசப்போவது அதில் கால்வாசிகூட இருக்காது. மீதியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதலில் அந்தக் காண்டாமிருகத்தை முடித்துவிடுகிறேன்.

குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா அதைப் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகர்க்குக்குப் பரிசாகக் கொடுத்தார். அவர் அதைக் கப்பலேற்றித் தன் அரசர் மானுவேலுக்கு அனுப்பினார். 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா பார்த்த முதல் உயிருள்ள காண்டாமிருகம் இதுதான் என்கிறார்கள். அங்கே யாரோ ஒருவர் அதைப் பார்த்து அவசரமாக ஒரு கோட்டுப்படம் போட்டார். அந்தப் படமும் ஒரு கடிதமும் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே இருந்தவர் ஆல்பிரெக்ட் டியூரர். அவர் அந்த மிருகத்தைக் கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை. ஆனால் மரத்தில் செதுக்கி அச்சடித்துவிட்டார்.

அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். தோல் மடிப்புகள் எல்லாம் கவசத் தகடு மாதிரி இருக்கும். கால்களில் மீன் செதில். எல்லாவற்றுக்கும் மேலாக, தோளுக்குப் பின்னால் முதுகில் ஒரு குட்டிக் கொம்பு. எந்தக் காண்டாமிருகத்துக்கும் அப்படி ஒன்று கிடையாது. ஆனாலும் அந்தக் கொம்பு விடாமல் வாழ்ந்தது. டியூரரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர் என்று இயற்கை நூல்களில் அதே கொம்பு சுற்றிக்கொண்டே இருந்தது. வங்காளத்திலிருந்து போன கிளாரா என்ற பெண் காண்டாமிருகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, பாரிசில் 1749-இல் ஊத்ரி என்ற ஓவியர் அதை ஆளுயரத் துணியில் அல்ல, மிருகத்தின் முழு அளவிலேயே தீட்டினாரே, அந்தக் காலம் வரைக்கும் இந்தக் கதைதான். கணக்குப் பார்த்தால் 230 வருஷத்துக்கும் மேல்.

பாவம், அந்த முதல் மிருகம். மானுவேல் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்ப, 1516 தொடக்கத்தில் இத்தாலிக் கரையோரம் கப்பல் கவிழ்ந்தது. காலில் சங்கிலி போட்டிருந்ததால் நீந்த முடியாமல் செத்தது.

நம் பயிலரங்குக்கு இது ஏன் வேண்டும்? இன்றைக்குப் பல ஓவியர்கள் போனில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் லென்சும் தன் பங்குக்கு முதுகில் கொம்பு வைக்கும். டெலிலென்சில் எடுத்தால், பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு நாரைகள் ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். வெயிலில் எடுத்த கொக்கின் வெள்ளைச் சிறகில் ஒரு கோடுகூட மிஞ்சாது. அதை அப்படியே காகிதத்தில் ஏற்றினால், வரைந்தவருக்கே தெரியாமல் ஒரு கொம்பு முளைத்துவிடுகிறது.

நேரில் பார்த்து வரைந்தவர் என்றால் எனக்கு முதலில் வருகிற பெயர் மன்சூர். ஜஹாங்கீர் அவருக்கு 'நாதிர்-உல்-அஸ்ர்' என்று பட்டம் கொடுத்தார். காலத்தின் அதிசயம் என்று வைத்துக்கொள்ளலாம். 1612-இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் சில விசித்திரப் பிராணிகளை வாங்கிவந்தார். அதில் ஒன்று வான்கோழி. தன் கொள்ளுத்தாத்தா பாபர் மிருகங்களைப் பற்றி எழுதினாரே தவிர, ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொல்லவில்லை என்று ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் குறைபட்டுக்கொள்கிறார். 1621-இல் வரிக்குதிரை வந்தபோது இன்னும் சுவாரசியம். கோடுகளை யாரோ பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று அரண்மனையில் சந்தேகம்! சோதித்துப் பார்த்து, பிறவியிலேயே அப்படித்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். மன்சூர் வரைந்த அந்த வரிக்குதிரை இப்போது லண்டனில் இருக்கிறது. அவருடைய சைபீரியக் கொக்கு கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில். ஐரோப்பிய அறிவியல் அந்தக் கொக்குக்குப் பெயர் வைத்தது 1773-இல். அதற்கு நூறு, நூற்றைம்பது வருஷம் முன்பே அது இங்கே படமாகிவிட்டது. பரத்பூரில் கடைசியாக அந்தக் கொக்கைப் பார்த்தது 2002-இல். படம் மிஞ்சியது, பறவை வருவதில்லை.

இதே ஜஹாங்கீர்தான், தன் கையால் மட்டும் 17,167 உயிர்களை வேட்டையாடியதாகக் கணக்கு எழுதி வைத்தவர். அதே மனுஷன் ஒரு ஜோடி சாரசக் கொக்குக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து வளர்த்து, அவை முறை வைத்து அடைகாப்பதையும் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் இது அவர் ஒருவரோடு நிற்கிற விஷயமில்லை. ஆடுபோன் 1827-க்கும் 1838-க்கும் இடையில் 435 தட்டுகளில் அமெரிக்கப் பறவைகளை நிஜ அளவில் வெளியிட்டார். பெரும்பாலானவற்றைச் சுட்டு, கம்பியால் கட்டி நிறுத்தித்தான் வரைந்தார். பூநாரையின் கழுத்து குனிந்திருப்பது தாளுக்குள் அடங்குவதற்காக! அதற்கு ஐம்பது வருஷம் முன்பே கல்கத்தாவில் லேடி இம்பே வீட்டில் ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்று பாட்னாக்காரர்கள் மூன்று பேர், அவர் வளர்த்த பிராணிகளையும் வைத்து 300-க்கும் மேல் படங்கள் வரைந்திருந்தார்கள். அந்தத் தொகுப்புக்கு நிலைத்த பெயர் என்னவோ 'இம்பே ஆல்பம்'தான். நம் பக்கத்தில் ராபர்ட் வைட் கொஞ்சம் தேவலாம். தனக்குச் செடிகள் வரைந்து கொடுத்த கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். அந்தப் பெயரும் பின்னால் வழக்கொழிந்தது, அது வேறு கதை.

கேமராவும் வேட்டையிலிருந்துதான் வந்தது. ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கர், இரவில் படகிலிருந்து விளக்கடித்து மானைச் சுடும் பழைய உத்தியை வைத்துக்கொண்டு, துப்பாக்கிக்குப் பதில் கேமராவைப் பிடித்தார். 1906-இல் நேஷனல் ஜியோகிராபிக்கில் அவருடைய 74 படங்கள் வந்தன. இங்கே வன அதிகாரி சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது தட்டியதும் தானாக வெளிச்சம் வெடித்துப் படம் பிடிக்கும்படி செய்தார். 1927-இல் புத்தகமாகவே போட்டார். கோடுகளை வைத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் காணலாம் என்பதும் அந்தப் படங்களில் தெரிந்தது.

நான் அதிக நேரம் பேச ஆசைப்படுவது மா. கிருஷ்ணனைப் பற்றி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர். எழுத்து, கேமரா, பேனா ஓவியம் மூன்றும் ஒரே கையில். பல பாகங்களைத் தானே இணைத்துச் செய்த ஒரு பூதாகரமான கேமரா. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று கேலிப் பெயரும் அவரே வைத்தார். கறுப்பு வெள்ளையை விட்டு நகரவே இல்லை. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை பத்தி எழுதினார். அதில் வரும் கோட்டோவியங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாலு கோட்டில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும்; அது என்ன பறவை என்பதோடு, இப்போது என்ன செய்யப்போகிறது என்பதும் தெரியும். வருஷக்கணக்காக வெயிலில் நின்று பார்த்தவனுக்கு மட்டும் வருகிற கோடு அது.

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். போன ஏப்ரலில் வேறொரு முகாமில் இருந்தேன். ஏரிக்கரையில் ஆள்காட்டி ஒன்று தரையில் முட்டையிட்டிருந்தது. நாலு முட்டை, கூழாங்கல் மாதிரி. நாங்கள் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று படம் எடுத்தோம், சிலர் உட்கார்ந்து வரைந்தார்கள். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. மணி பதினொன்றரை. வெயில் காலத்தில் அந்தப் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும் என்பது எனக்குப் படித்துத் தெரியும். தெரிந்தும் முக்கால் மணி நேரம் நின்றேன். நல்ல படம் வந்துகொண்டிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் ஓட்டுத் துண்டுகள். காக்கையா, நாயா, எதுவாக இருந்தாலும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது நாங்கள். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

வேடந்தாங்கல்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்கள் கணக்கில் உண்டு. அந்த ஊருக்குப் போய் நாம் கூட்டை மொய்த்தால் எப்படி இருக்கும்?

அதனால் நண்பரிடம் மூன்று மாற்றம் கேட்டிருக்கிறேன். முதல் நாள் காலை கேமரா வேண்டாம். கரையில் உட்கார்ந்து ஒரே நத்தைகுத்தி நாரையை ஒரு மணி நேரம் பார்க்கட்டும், பிறகு பார்க்காமல் வரையட்டும். கடம்ப மரக் கூடுகளைக் கரையில் இருந்தபடி டெலஸ்கோப்பில் மட்டும் பார்க்கலாம். பறவை எழுந்து நின்றாலே நாம் பின்னால் வந்துவிட வேண்டும். முதல் மாற்றத்துக்குத்தான் அவர் தயங்குகிறார். "காசு கட்டி வர்றவங்க கேமராவைப் பைக்குள்ள வெக்கச் சொன்னா கோவிச்சுக்குவாங்க சார்." கோபித்துக்கொள்ளட்டும், நான் பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறேன். பேச்சுவார்த்தை ஓடுகிறது.

பேச்சைத் தொடங்கும்போது படம் எதுவும் காட்டாமல், காண்டாமிருகத்தை வாயால் மட்டும் வர்ணித்து எல்லோரையும் வரையச் சொல்லப்போகிறேன். நேற்று வீட்டில் மகளிடம் ஒத்திகை பார்த்தேன். முதுகில் கொம்பு வரவில்லை, ஆனால் வால் சிங்கத்துடையது. டியூரர் அச்சின் பெரிய பிரதி ஒன்று எடுத்தாகிவிட்டது, 2பி பென்சில் மூன்று டஜன் வாங்கியாயிற்று. டெலஸ்கோப்புதான் ஒன்று குறைகிறது. சென்னைப் பக்கம் யாராவது இரண்டு நாளைக்கு இரவல் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், முக்காலியோடு இருந்தால் இன்னும் நல்லது.