இடைச்செருகலும் மீட்டெடுப்பும்: இணையக் கலைக்களஞ்சியத்தில் நேரு குடும்ப வரலாறு

முன்னுரை

ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் தம் சொற்களையும் பாடல்களையும் மூலநூலோடு கலந்துவிடுதல் தமிழாய்வுலகம் நன்கறிந்த செய்தி. கம்பராமாயணத்துள் ‘வெள்ளி பாடல்கள்’ என வழங்கப்பெறுவன இதற்குத் தக்க சான்று. அத்தகைய கலப்பை இனங்கண்டு விலக்குதற்கெனப் பதிப்பாசிரியர்கள் சில நெறிகளை வகுத்துக்கொண்டனர். சுவடிகளை ஒப்புநோக்கல், பாடவேறுபாடுகளைக் காட்டல், கொண்ட பாடத்திற்குக் காரணம் கூறல் ஆகியன அவற்றுள் தலையாயவை.

இருபத்தோராம் நூற்றாண்டில் இச்சிக்கல் வேறொரு களத்தில் எழுந்துள்ளது. 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் கொள்கையுடையது. அங்கு அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எவ்வாறு சிதைவுறுகிறது, ஊதியம் பெறாத தன்னார்வத் தொகுப்பாளர்கள் அதனை எவ்வாறு மீட்கின்றனர் என்பதை, 2015ஆம் ஆண்டில் தில்லியோடு தொடர்புடையதாய் நிகழ்ந்த ஒரு நிகழ்வின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2015ஆம் ஆண்டு நிகழ்வு

2015 சூன் 26ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியாவில் சவகர்லால் நேரு, அவர்தம் குடும்பத்தார் ஆகியோரைப் பற்றிய பக்கங்களில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. நேருவின் பாட்டனார் கங்காதர நேரு பிறப்பால் இசுலாமியர் என்றும், ஆங்கிலேயரிடமிருந்து தப்புதற்பொருட்டு இந்துப் பெயர் பூண்டார் என்றும் கூறும் செய்தி அவற்றுள் ஒன்று. பயனர் கணக்கின்றி ஒருவர் பக்கத்தைத் திருத்தின் அவர்தம் இணைய முகவரி எண் பக்கத்தின் வரலாற்றில் வெளிப்படையாகப் பதிவாதல் அக்காலத்து நடைமுறை. அவ்வெண் நடுவணரசின் தேசியத் தகவலியல் மையத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது என்பது சில நாள்களில் வெளிப்பட்டது. காங்கிரசுக் கட்சி கண்டனம் தெரிவித்தது. நாளிதழ்கள் இதனை விரிவாக வெளியிட்டன. தன்னார்வத் தொகுப்பாளர்கள் அம்மாற்றங்களை நீக்கிப் பழைய வடிவத்தை மீட்டனர்.

இந்நிகழ்வில் சான்றின் எல்லையை அறிதல் வேண்டும். தேசியத் தகவலியல் மையம் 1976இல் நிறுவப்பட்டது; தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு அலுவலகங்கள் பலவற்றிற்கு வலையமைப்பு வசதி அளிப்பது. ஆதலின் முகவரி எண் காட்டுவது வலையமைப்பை மட்டுமே. எழுதிய கையை அன்று. ஒரு சுவடி எந்த மடத்து நூலகத்தில் கிடைத்தது என்பதைக்கொண்டு அதில் இடைச்செருகல் செய்தவர் இன்னார் என முடிவுகட்ட இயலாதவாறு போன்றதே இது. எழுதியவரை அறியாமலே எழுதப்பட்டதன் பொய்ம்மையைக் காட்ட இயலும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

கங்காதர நேரு: சான்றுகளும் வதந்தியும்

குடும்ப வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக அமைவது 1936இல் வெளியான நேருவின் தன்வரலாறு. அவர் அதனை 1934 சூன் முதல் 1935 பிப்ரவரி வரை சிறையில் எழுதினார். காசுமீரப் பண்டிதரான இராச கௌல் 1716ஆம் ஆண்டையொட்டி முகலாயப் பேரரசர் பரூக்சியர் காலத்தில் தில்லிக்கு வந்ததும், கால்வாய்க் கரையில் அவர்க்கு வீடு அமைந்ததும், கால்வாயைக் குறிக்கும் ‘நகர்’ என்னும் சொல்லினின்று குடும்பப் பெயர் தோன்றியதும் அதில் சொல்லப்படுகின்றன. பாட்டனாரின் தந்தை இலட்சுமி நாராயண நேரு, தில்லி அரசவையில் கிழக்கிந்தியக் கும்பினியின் வழக்குரைஞராக விளங்கினார். பாட்டனார் கங்காதரர் 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குச் சற்று முன்னர்த் தில்லியின் கொத்தவாலாக, அஃதாவது நகரக் காவல் தலைவராக, இருந்தார். 1861இல் தம் முப்பத்து நான்காம் அகவையில் அவர் மறைந்தார். அவர் மறைந்து மூன்று திங்கள் கழித்து, அவ்வாண்டு மே 6ஆம் நாள் மோதிலால் நேரு ஆக்ராவில் பிறந்தார்.

இச்சான்றிலும் ஓர் இடைவெளி உண்டு. 1857ஆம் ஆண்டுக் கலகத்தில் குடும்பத்தின் பழைய ஆவணங்கள் அழிந்தன என்பதை நேருவே குறித்துள்ளார். ஆகவே இராச கௌல் பற்றிய செய்தி, நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் எழுதப்பெற்ற குடும்ப மரபுச் செய்தியேயாகும். ஆவணம் அழிந்த இவ்விடைவெளியில்தான் வதந்தி குடிபுகுந்தது.

வதந்தி ஏன் நம்பத்தக்கதுபோல் தோன்றுகிறது என்பதும் ஆராயத்தக்கது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் தில்லியை மீண்டும் கைப்பற்றியபின் நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். இந்துக்கள் முன்னரும் இசுலாமியர் நெடுநாள் கழித்தும் திரும்ப இசைவு பெற்றனர். எனவே அடையாளத்தை மறைத்துக்கொள்வதற்குரிய அச்சம் அக்காலத்தில் இருந்தது உண்மை. ஆயினும் ஒன்று நிகழ்ந்திருக்கக்கூடும் என்பது அது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது. வதந்தியைப் பரப்புவோர் அக்காலத்து ஆவணம் எதனையும் காட்டுவதில்லை.

முகலாயர் ஆட்சியில் இந்து ஒருவர் கொத்தவாலாதல் இயலாது என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. அக்பரிடம் நிதிப் பொறுப்பை ஏற்றிருந்தவர் தோடர்மால் என்பதே இக்கூற்றின் வலுவின்மையைக் காட்டும். மேலும் 1803 முதல் தில்லியின் ஆட்சிப் பொறுப்பு கும்பினியின் கையில் இருந்தது. கங்காதரர் காலத்துப் பேரரசர் பெயரளவினரே. ஆகவே காரணத்தின் அடிப்படையே தவறு. கங்காதரரைத் தில்லியின் இறுதிக் கொத்தவாலாகத் தில்லிக் காவல்துறையும் தன் வரலாற்றுக் குறிப்பில் குறித்துள்ளது.

தன்வரலாற்றில் வரும் இரண்டு குறிப்புகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. கங்காதரரின் சிறிய ஓவியம் ஒன்றில் அவர் முகலாய அவை உடையும் வளைந்த வாளும் கொண்டு முகலாயப் பெருமகன்போல் காட்சியளிப்பதாகவும், முக அமைப்பு காசுமீரத்தார்க்குரியதாக உள்ளதாகவும் நேரு குறிக்கிறார். தில்லியிலிருந்து ஆக்ராவுக்குச் சென்ற வழியில், சிவந்த நிறமுடைய குடும்பச் சிறுமியை ஆங்கிலச் சிறுமியெனக் கருதிய வெள்ளைப் படைவீரர், அவளைக் கடத்திச் செல்வதாக உடன்சென்றோரைக் குற்றஞ்சாட்டிய நிகழ்ச்சியையும் அவர் எழுதுகிறார். நேருவின் பெரிய தந்தையார்க்கு இருந்த ஆங்கில அறிவு காலத்தைச் சிறிது நீட்டித்தது. அறிந்தவர் ஒருவர் அவ்வழி வந்தமையால் உயிர் பிழைத்தனர். உடையும் நிறமும் கண்டு குலம் துணிதல் எத்துணைப் பிழையானது, எத்துணை இடர் விளைப்பது என்பதை இது உணர்த்தும். 2015இல் செருகப்பட்ட செய்தியும் அத்தகைய துணிபினதே.

தொகுப்பாளர்தம் நெறிமுறைகள்

தன்னார்வத் தொகுப்பாளர்கள் இத்தகைய கூற்றினை எதிர்கொள்ளும் முறை மூன்று கொள்கைகளின்பாற்பட்டது. அவை நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, சொந்த ஆய்வைத் தவிர்த்தல் என்பன. கூற்று உண்மையா பொய்யா என்று தொகுப்பாளர் தாமே தீர்ப்பு வழங்குவதில்லை. நம்பத்தகுந்த வெளியீட்டில் அதற்குச் சான்று உண்டா என வினவுகின்றனர். சான்று காட்டும் கடமை சேர்ப்பவரைச் சார்ந்தது. நேருவைப் பொறுத்தவரை 1962இல் வெளியான பி. ஆர். நந்தாவின் நூலும், 1975க்கும் 1984க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வந்த சர்வபள்ளி கோபாலின் நூலும் சான்று நூல்களாகத் தொகுப்பாளர்க்கு உதவக்கூடியன. அவற்றோடு ஒப்பிடுகையில் பெயர் தெரியாதார் பரப்பும் துண்டறிக்கை சான்றாக நிற்றல் அரிது.

கருவிகள் நான்கு. ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், நேரத்தோடு காட்டும் பக்க வரலாறு முதலாவது. ஒரே சொடுக்கில் முந்தைய வடிவத்தை மீட்கும் வசதி இரண்டாவது. கருத்து மாறுபாட்டை விவாதிக்கும் உரையாடல் பக்கம் மூன்றாவது. புதியவர்கள் திருத்த இயலாதவாறு பக்கத்தைக் காக்கும் பூட்டு நான்காவது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் மூன்று முறைக்குமேல் மீட்போர் தடைக்குள்ளாவர். உண்மையின் பக்கம் நிற்பதாகக் கருதுவோர்க்கும் பொதுவாக இவ்விதி பொருந்தும்.

உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது கையாண்ட முறையோடு இதனை ஒப்பிடலாம். பல சுவடி நோக்கல், வேறுபாட்டை மறைக்காமை ஆகியவற்றில் இரண்டும் ஒக்கும். வேறுபாடு ஒன்றுண்டு. பதிப்பாசிரியர் தம் புலமையால் பாடத்தைத் தெரிந்தெடுத்துத் தம் பெயரால் அதற்குப் பொறுப்பேற்கிறார். விக்கிப்பீடியாத் தொகுப்பாளர் பலர் புனைபெயரினர். அவர்தம் தகுதி மேற்கோளால் மட்டுமே அறியப்படும். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

நெறிமுறைகள் உருவான வரலாறு

இந்நெறிகள் தொடக்கத்திலேயே முழுமையாய் அமைந்தவை அல்ல. 2005 மே மாதத்தில் அமெரிக்க இதழாளர் சான் சீகந்தாலரின் பக்கத்தில், கென்னடி சகோதரர் கொலைகளோடு அவரைத் தொடர்புறுத்தும் பொய்ச்செய்தி சேர்க்கப்பட்டு நான்கு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் நாளிதழில் எழுதிய பின்னரே வாழ்வோர் வரலாறுகளுக்கெனத் தனிக்கொள்கை வகுக்கப்பட்டது. வாழ்வோரைப் பற்றிய சான்றற்ற சர்ச்சைச் செய்தியை விவாதத்திற்குக் காத்திராது உடனே நீக்குக என்பது அதன் சாரம். அமெரிக்கப் பேராயத்தின் உறுப்பினர் மார்ட்டி மீகனின் அலுவலகத்தார், பதவிக்கால வரம்பு குறித்து அவர் அளித்த வாக்குறுதியை அவர்தம் பக்கத்திலிருந்து நீக்கியமை 2006 சனவரியில் வெளிவந்தது. இகழ்ச்சி சேர்த்தல் போலவே உண்மையை நீக்கிப் புகழ்ச்சியை நிறுத்தலும் சிதைவே என்பதை அது உணர்த்தியது.

1964இல் மறைந்த நேருவுக்கு வாழ்வோர் கொள்கை நேரே பொருந்தாது. மெய்யறிதன்மைக் கொள்கையே அவர் வரலாற்றுக்குக் காப்பாகும்.

தொகுப்பாளர் யார் என்னும் வினா பின்னர்த் தில்லி உயர்நீதிமன்றத்திலும் எழுந்தது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய பக்கம் அவதூறானது என 2024 சூலையில் வழக்குத் தொடுத்தது. ஆகஸ்டில் தொகுப்பில் ஈடுபட்ட மூவரின் விவரங்களை வெளியிடுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அக்டோபர் 16ஆம் நாள், வழக்கைப் பற்றி எழுதப்பட்டிருந்த பக்கத்தையே நீக்குமாறு ஆணை பிறந்தது. அவ்வாணையை உச்சநீதிமன்றம் 2025 மே 9ஆம் நாள் தள்ளுபடி செய்தது. இழிவுரைக்கு ஆளானவர் பொறுப்பாளரை அறிய விரும்புதல் இயல்பு. அதிகாரமுடையாரைப் பற்றி எழுதும் தன்னார்வலர் பெயர் மறைத்தலை நாடுதலும் இயல்பே. இவ்விரு நியாயங்களுக்கும் இடையிலான இழுபறி இன்னும் முற்றாகத் தீரவில்லை.

முடிவுரை

நேருவின் பக்கம் மீட்கப்பட்டமைக்குக் காரணங்கள் இரண்டு. அதனைக் கண்காணிப்போர் பலர். ஒப்பிடத்தக்க நூல்களும் பல. கண்காணிப்பார் குறைந்த சீகந்தாலர் பக்கத்தில் பொய் நான்கு மாதம் நிலைத்ததை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். நெறிமுறை தானே காப்பதில்லை. அதனைக் கையாளுவோரும் அச்சிட்ட சான்றும் உடனிருந்தாலன்றி அது செயற்படாது.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிற்கு இம்முடிவு சிறப்பாகப் பொருந்தும். நகராட்சித் தலைவராயும் சட்டமன்ற உறுப்பினராயும் தொழிற்சங்கத் தலைவராயும் விளங்கித் தமிழகத்தின் அரசியலை உருவாக்கியோருள் பலர்க்கு நம்பத்தகுந்த வாழ்க்கை வரலாறு அச்சில் இல்லை. அத்தகையோர் பக்கத்தில் ஒரு பொய் புகுமாயின் அதனை ஒப்பிட்டு மறுத்தற்கு நூல் கிடையாது, மறுப்பாரும் அரியர். 1857இல் நேரு குடும்ப ஆவணங்கள் அழிந்த வெற்றிடத்தில் வதந்தி புகுந்தவாறே இங்கும் புகும். ஆதலின் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், பழைய இதழ்கள், குடும்பக் கடிதங்கள் ஆகியவற்றைத் திரட்டித் தலைவர்தம் வரலாறுகளைச் சான்றுடன் எழுதி வெளியிடுதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். தன்னார்வத் தொகுப்பாளர் மேற்கோளாகக் காட்டுதற்குரிய நூலை ஆக்கித் தருதல் ஆய்வாளர் கடன்.