தவறிய தட்டுகள் வளர்த்த கலை

புகைப்படக் கலையின் முதல் அரை நூற்றாண்டில் அதை முன்னெடுத்துச் சென்றவர்களில் பலர் அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆர்வத்தால் கற்கத் தொடங்கி, படம் சரியாக வராமல் தவித்து, அதற்குக் காரணம் தேடியவர்கள். கருவியிலும் வேதிமுறையிலும் நிகழ்ந்த பெரிய மாற்றங்கள் பல அவர்களுடைய தோல்விகளிலிருந்து பிறந்தவை.

தொடக்கமே அப்படித்தான். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், கேமரா லூசிடா என்ற வரைகருவியின் துணையோடு காட்சிகளை வரைய முயன்றார் ஆங்கிலேய அறிஞர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். கருவி இருந்தும் கை வரவில்லை. காட்சியே தன்னைத் தாளில் பதித்துக்கொள்ள வழி உண்டா என்று அந்த ஏமாற்றத்தில் யோசிக்கத் தொடங்கியவர், 1841இல் காலோடைப் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தாள் நெகடிவிலிருந்து பல படிகள் எடுக்க அது வழிசெய்தது. ஆனால் தாளின் நார்கள் நுண்விவரங்களை மழுக்கின.

1851இல் சிற்பி ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அந்தக் குறையைத் தீர்த்தது. கற்பவருக்குப் புதிய தொல்லைகளையும் தந்தது. கண்ணாடித் தட்டில் கொலோடியனைச் சீராக ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் டெவலப் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது சில நிமிடங்களே. தூசி ஒட்டினால் புள்ளி விழும்; பூச்சு சமமாகப் பரவாவிட்டால் கோடு விழும்; கரைசல் கெட்டால் படம் முழுவதும் மங்கிவிடும்.

வெப்ப நாடுகளில் பூச்சு இன்னும் வேகமாகக் காய்ந்தது. 1856இல் அலெக்சாண்டர் ஹன்ட்டரின் முயற்சியால் சென்னையில் புகைப்படச் சங்கம் உருவானபோது உறுப்பினர்கள் எதிர்கொண்ட சூழல் இதுதான். சென்னை ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1855இல் பர்மாவிலும் பின்னர் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களிலும் தாள் நெகடிவ்களையே பெரிதும் பயன்படுத்தினார். மெழுகு ஏற்றிய தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பது பயணத்தில் பெரிய வசதி.

இங்கிலாந்தில் ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். கற்றுத்தர யாருமில்லை. முதல் தட்டின் ஈரப் பரப்பில் கை பட்டுப் படம் அழிந்துபோனது. கரிக்கிடங்கை இருட்டறையாகவும் கோழிக்கொட்டகையைப் படமெடுக்கும் இடமாகவும் மாற்றி உழைத்து, 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படத்தைத் தம் முதல் வெற்றியாகக் கண்டார். அவருடைய படங்கள் தெளிவாக இல்லை, தட்டில் கறை இருக்கிறது என்று அக்காலப் புகைப்பட வட்டாரங்கள் கண்டித்தன. அவரோ அந்த மென்மையை வேண்டுமென்றே தக்கவைத்தார். 1879இல் இலங்கையில் மறைந்த அவர், இன்று அந்த நூற்றாண்டின் தலைசிறந்த உருவப்பட வல்லுநர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

கொலோடியனில் கலந்த ஈதரின் நெடி மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸின் உடல்நலத்தைக் கெடுத்தது. மாற்று தேடிய அவர், 1871இல் ஜெலட்டின் பூச்சு பற்றிய குறிப்பை வெளியிட்டார். பிறர் அதைச் செம்மைப்படுத்தியதும் கடையில் வாங்கிப் பயன்படுத்தும் உலர்தட்டுகள் வந்தன. 1877இல் ஒரு பயணத்துக்காகக் கேமரா வாங்கிய ராச்செஸ்டர் நகர வங்கி ஊழியர் ஜார்ஜ் ஈஸ்ட்மன், கூடவே தூக்கவேண்டிய கூடாரத்தையும் மருந்துகளையும் கண்டு சலித்தார். இரவுகளில் அம்மாவின் சமையலறையில் ஜெலட்டின் பூச்சைச் செய்துபார்த்தார். 1888இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடக் கேமராவின் விலை 25 டாலர். அதிலிருந்த ரோலில் 100 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினால் 10 டாலருக்குப் படங்களைப் பிரிண்ட் போட்டு, புது ரோலும் ஏற்றித் தந்தார்கள்.

சுமை குறைந்தபின்னும், தட்டில் எவ்வளவு நேரம் ஒளி பட வேண்டும் என்பது அனுபவசாலியின் ஊகமாகவே இருந்தது. இங்கிலாந்தின் விட்னஸ் நகர ரசாயன ஆலையில் வேலைபார்த்த பொறியாளர் வீரோ டிரிஃபீல்டும் சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஃபெர்டினான்ட் ஹர்ட்டரும் ஓய்வு நேரத்தில் படம் எடுத்தவர்கள். இந்தக் குத்துமதிப்பு ஹர்ட்டருக்குப் பொறுக்கவில்லை. மெழுகுவத்தியின் ஒளியை அளவுகோலாகக் கொண்டு, ஒளியின் அளவுக்கேற்ப தட்டு எவ்வளவு கறுக்கிறது என்று இருவரும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். 1888இல் ஒளிபடும் நேரத்தைக் கணக்கிடும் நகர்சட்டக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். 1890இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். போதிய ஒளி படாத நிழல் பகுதிகளின் விவரத்தை இருட்டறையில் எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது என்பது அதன் முக்கியப் பாடம். கைத்திறன் என்று கருதப்பட்டதில் பெரும்பகுதி அளந்து கற்கக்கூடியது என்பதை அவர்கள் மெய்ப்பித்தார்கள்.

அவர்கள் தட்டுகளுக்குத் தந்த வேக எண்ணே பின்வந்த அளவுமுறைகளுக்கு முன்னோடி. 1934இல் ஜெர்மனியின் டின், 1943இல் அமெரிக்காவின் ஏஎஸ்ஏ, 1974இல் இரண்டையும் இணைத்த ஐஎஸ்ஓ என்று அது வளர்ந்தது. இன்றைய கேமராவில் பயிலுநர் மாற்றிப் பார்க்கும் ஐஎஸ்ஓ எண், ஓய்வு நேரத்தில் படம் பிடித்த அந்த இருவர் தொடங்கிவைத்த அளவீட்டின் தொடர்ச்சியே.