பில்டர் கட்டிய எக்ஸ்எம்எல்

இன்று எல்லோரும் ஜேசான் கேட்கிறார்கள். நான் ரூபி மொழியின் வலைச் சட்டகமான ரெயில்ஸ் பழகிய காலத்தில் ஒரு நிரல் இன்னொன்றோடு பேச எக்ஸ்எம்எல்தான் வழி. அதற்கான வார்ப்புருக் கோப்புகள் அப்போது ஆர்எக்ஸ்எம்எல் என்ற பின்னொட்டோடு இருக்கும். உள்ளே வேலை செய்தது ஜிம் வெய்ரிக் எழுதிய பில்டர் என்ற ரூபி நூலகம். அதன் நேர்த்தியை இன்றும் வியக்கிறேன். எக்ஸ்எம்எல் பொருளிடம் ‘டைட்டில்’ என்று கேட்போம். அப்படியொரு மெத்தட் எங்குமே இருக்காது. ரூபியின் ‘மெத்தட் மிஸ்ஸிங்’ அந்த அழைப்பைப் பிடித்து, அதே பெயரில் டேக்கைத் திறந்து, நாம் கொடுத்ததை வைத்து, மூடியும் விடும். மூடாத டேக் என்ற தொல்லையே இல்லை.

2006 மார்ச்சில் வந்த ரெயில்ஸ் 1.1, ‘ரெஸ்பாண்ட் டு’வைத் தந்தது. அதனால் ஒரே ஆக்‌ஷன் உலாவிக்கு எச்டிஎம்எல்லும் நிரலுக்கு எக்ஸ்எம்எல்லும் கொடுத்தது.

2013 ஜனவரியில், வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லை ரெயில்ஸ் படிக்கும் பகுதியில் பெரிய ஓட்டை தெரியவந்தது: அதற்குள் யாமல் துண்டை ஒளித்தனுப்பி, சர்வரில் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. ரெயில்ஸ் 4 அந்தப் பகுதியைத் தனி ஜெம்மாகப் பிரித்தது. பதிலை எழுதித்தரும் பில்டருக்கு அதில் பங்கில்லை. வெய்ரிக் 2014 பிப்ரவரியில் காலமானார். ஆனால் அவருடைய பில்டர் இன்றும் பயன்படும்: எக்ஸ்எம்எல்லில் அமையும் ஆர்எஸ்எஸ் ஓடை எழுத வேண்டியவர்கள் டேக்குகளைச் சரம்சரமாக ஒட்டாதீர்கள், பில்டரை எடுங்கள்.