மானிட்டர் மாத்தப் போறீங்களா? கேமுக்கும் படத்துக்கும் ஒரே திரை... பெட்டியில் இருக்கும் எண்களை நம்பும் முன் இதைப் படிங்க!

ஆறேழு வருஷம் உழைத்த மானிட்டரில் ஒருநாள் காலை செங்குத்தாக ஒரு கோடு விழுகிறது. இல்லையென்றால் ஆன் செய்த இரண்டாவது நிமிடம் திரை இருண்டு போகிறது. 'சரி, புதுசு வாங்கிடலாம்' என்று கடைக்குப் போனால் 165 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட், ஹெச்டிஆர், 4கே என்று பெட்டி முழுக்க எண்கள். விற்பவர் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் அதுதான் 'பெஸ்ட்'.

பகலில் கேம், ராத்திரியில் ஓடிடியில் படம் என இரண்டுக்கும் ஒரே திரையைப் பயன்படுத்துபவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். கேமுக்கு வேண்டியது வேகம். படத்துக்கு வேண்டியது நல்ல கறுப்பு. ஓரளவு விலையில் கிடைக்கும் மானிட்டர்களில் இந்த இரண்டும் முழுசாக ஒன்றாகக் கிடைப்பதில்லை. எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தெரிந்துகொண்டு போனால் காசு வீணாகாது.

பழையது உண்மையிலேயே போச்சா?

புதுசுக்குப் பணம் கட்டும் முன் பத்து நிமிடம் செலவழித்து ஒரு சோதனை செய்துவிடுங்கள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு மானிட்டரை வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் கோளாறு மானிட்டரில் இல்லை, கிராபிக்ஸ் கார்டிலோ கேபிளிலோ இருக்கிறது. தனி அடாப்டர் உள்ள மாடல் என்றால் அடாப்டர் மட்டும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதே வோல்டேஜ், அதே ஆம்பியர் உள்ள அடாப்டர் போட்டாலே வேலை முடிந்துவிடும்.

திரை கறுப்பாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கும் லைட் மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் கடையில் ஒரு விலை கேட்டுப் பார்க்கலாம். கோடு விழுந்தாலோ, திரை விரிசல் விட்டாலோ பெரும்பாலும் பேனலையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு புது மானிட்டர் விலையை நெருங்கிவிடும் என்பதால், அதற்குப் புதுசு வாங்குவதே மேல்.

சைஸ், ரெசல்யூஷன்: கார்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க

ஃபுல் ஹெச்டி திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. க்யூஹெச்டி எனப்படும் 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே திரையில் சுமார் 82.9 லட்சம். அதாவது ஃபுல் ஹெச்டியைப் போல சரியாக நான்கு மடங்கு. கேம் ஓடும்போது இத்தனை புள்ளிகளையும் நொடிக்குப் பல முறை வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு.

பலர் சறுக்குவது இங்கேதான். 4 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி பழைய கார்டை வைத்துக்கொண்டு 4கே மானிட்டர் வாங்கினால், படம் அழகாகத் தெரியும். ஆனால் புது கேம்கள் நகராது. ரெசல்யூஷனைக் குறைத்து ஆட வேண்டியிருக்கும். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குக் கேமில் பலன் இருக்காது.

திரை அளவும் ரெசல்யூஷனும் ஜோடியாகப் பொருந்த வேண்டும். 24 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி என்றால் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளிகள் வருகின்றன. மேஜை தூரத்தில் இது போதுமானது. அதே ஃபுல் ஹெச்டியை 27 இன்ச்சுக்கு இழுத்தால் 82-க்கு இறங்கிவிடும். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 27 இன்ச்சுக்கு 1440பி சரியான ஜோடி. அதில் சுமார் 109 புள்ளிகள் கிடைக்கும். 32 இன்ச் என்றால் 4கே பொருத்தமாக இருக்கும்.

மேஜையையும் அளந்து பாருங்கள். இரண்டடி அகல மேஜையில் 32 இன்ச் வைத்தால், கேமில் மூலைகளைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். கட்டிலில் சாய்ந்து ஆறேழு அடி தள்ளிப் படம் பார்ப்பவருக்கு அதே 32 இன்ச் வசதி.

ஹெர்ட்ஸ்: கேமுக்கு மட்டுமல்ல, படத்துக்கும் லாபம்

ரீஃப்ரெஷ் ரேட் என்பது நொடிக்கு எத்தனை முறை திரையில் படம் மாறுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி செகண்ட். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்களில் இந்த வித்தியாசத்தைக் கண்ணே உணரும். ஆனால் 144-லிருந்து 240-க்குப் போகும்போது இடைவெளி 4.2 மில்லி செகண்டாகத்தான் குறையும். போட்டிகளில் ஆடுபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதற்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை.

சினிமாவுக்கு இதில் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் எடுக்கப்படுகின்றன. 60-ஐ 24-ஆல் சமமாக வகுக்க முடியாது. அதனால் பழைய 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃப்ரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசாகத் தத்தித் தத்திப் போவதுபோல் தெரிவது இதனால்தான். 120 என்பது 24-இன் ஐந்து மடங்கு, 144 ஆறு மடங்கு. இந்த வேகங்களில் ஒவ்வொரு ஃப்ரேமும் சம நேரம் நிற்கும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் படம் பார்க்கும்போது 120-க்கோ 144-க்கோ மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியில் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் கம்பேட்டிபிள் என்று இருக்கிறதா பாருங்கள். கார்டு எத்தனை ஃப்ரேம் கொடுக்கிறதோ அதற்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இது. படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரிவதைத் தடுக்கும். 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களுடன் வேலை செய்யத் தொடங்கிவிட்டதால், ஜிசிங்க் சிப்புக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பேனல்: முடிவு இங்கேதான்

வேகமா, கறுப்பா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது பேனல்தான். சந்தையில் முக்கியமாக மூன்று வகை.

ஐபிஎஸ்: நிறம் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் மாறாது. இப்போதைய ஐபிஎஸ் பேனல்கள் கேமுக்கு வேண்டிய வேகத்தையும் கொடுக்கின்றன. பலவீனம், கான்ட்ராஸ்ட். பொதுவாகச் சுமார் 1000:1. அதாவது வெள்ளை 250 நிட்ஸ் வெளிச்சத்தில் இருந்தால், 'கறுப்பு' என்று காட்டுவதும் 0.25 நிட்ஸ் அளவுக்கு ஒளிரும்.

விஏ: கான்ட்ராஸ்ட் சுமார் 3000:1 அல்லது அதற்கும் மேல். கறுப்பு மூன்று மடங்கு ஆழம். படத்துக்குப் பிரமாதம். ஆனால் விலை குறைந்த விஏ மாடல்களில் இருண்ட காட்சியில் வேகமாக நகரும் உருவத்தின் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு தடம் தெரியும்.

ஓஎல்இடி: ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக அணையும். முழுக் கறுப்பு, மின்னல் வேகம், இரண்டும் இருக்கிறது. விலைதான் தடை. இன்னொன்று, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் டாஸ்க்பார், கேமின் மேப், சேனல் லோகோ போன்றவை காலப்போக்கில் நிழலாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. 'பர்ன்-இன்'னுக்கு வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கறுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? பெரும்பாலான மானிட்டர்கள் 16:9 வடிவம். சினிமாஸ்கோப் படங்களின் அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது. திரையின் கால் பங்குக்கும் சற்று அதிகமான இடம் அந்தப் பட்டைக்கே போய்விடும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஐபிஎஸ்ஸில் அந்தப் பட்டை சாம்பல் நிறமாக மினுங்கும். விஏவில் நன்றாக அடங்கும். ஓஎல்இடியில் இருப்பதே தெரியாது.

ஆனால் விளக்கு எரியும் அறையில், பகல் வெளிச்சத்தில் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். அவர்களுக்குக் கறுப்பைவிட, 300 நிட்ஸுக்குக் குறையாத வெளிச்சமும், கண்ணாடி போல் பிரதிபலிக்காத மேட் திரையும்தான் அவசியம்.

'ஹெச்டிஆர்' ஸ்டிக்கர், '1 எம்எஸ்' ஸ்டிக்கர்: உஷார்

'ஹெச்டிஆர்10 சப்போர்ட்' என்று மட்டும் இருந்தால், அந்தச் சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். அதை நன்றாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. வெசா அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஹெச்டிஆர் என்ற தரச்சான்றைக் கொண்டுவந்தது. அதில் 400 என்பது கீழ்ப்படி. 400 நிட்ஸ் வெளிச்சம் தொட்டால் போதும், திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. 600, 1000 என்ற படிகளில், அல்லது ஓஎல்இடிக்கான ட்ரூ பிளாக் சான்று உள்ள மாடல்களில்தான் ஹெச்டிஆர் கண்ணுக்குத் தெரியும். கையில் இருக்கும் பணத்துக்கு அது எட்டாது என்றால் ஹெச்டிஆரை மறந்துவிட்டு, பேனலுக்கு அந்தப் பணத்தைப் போடலாம்.

'1 எம்எஸ்' என்பதும் அப்படித்தான். மிகச் சாதகமான சூழலில் அளந்த எண் அது. 'எம்பிஆர்டி' என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால், அந்த வசதியைப் போடும்போது திரையின் வெளிச்சம் குறையும். இந்த எண்ணை வைத்து இரண்டு மாடல்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

கேபிளும் போர்ட்டும்

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, பழைய மானிட்டரின் கேபிளையே மாட்டினால் வேகம் கிடைக்காமல் போகலாம். கம்ப்யூட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பாதுகாப்பான தேர்வு. ஹெச்டிஎம்ஐ 2.0-வின் எல்லை 4கேயில் 60 ஹெர்ட்ஸ். 4கேயில் 120 வேண்டுமானால் ஹெச்டிஎம்ஐ 2.1 வேண்டும். அதிலும் வெறும் '2.1' என்ற எழுத்தை நம்பாமல், '4கே 120 ஹெர்ட்ஸ்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிஎஸ்5 இணைப்பவர்களுக்கு: அது அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தரும். 2022 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு 1440பி திரையிலும் நேரடியாக ஓடும். எனவே 27 இன்ச் 1440பி மானிட்டர் கம்ப்யூட்டர், கன்சோல் இரண்டுக்கும் ஒத்துவரும்.

4கேயில் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கத்தான் 4கே மானிட்டர் என்பவர்கள், அதில் ஹெச்டிசிபி 2.2 இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். பிரீமியம் பிளானும் தேவை.

அப்போ யாருக்கு எது?

* பழைய கார்டு, குறைந்த பட்ஜெட், ஆன்லைன் போட்டி கேம்தான் அதிகம்: 24 இன்ச், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸுக்கு மேல்.
* நடுத்தரக் கார்டு, கேமும் படமும் சரிபாதி, விளக்கு எரியும் அறை: 27 இன்ச், 1440பி, ஐபிஎஸ், 144 முதல் 180 ஹெர்ட்ஸ். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.
* கதை சொல்லும் கேம்கள், ராத்திரி விளக்கணைத்துப் படம்: அதே 27 இன்ச் 1440பி, ஆனால் விஏ.
* வலுவான கார்டு, தாராளமான பட்ஜெட், ஒரே திரையை நாள் முழுக்க அலுவலக வேலைக்குப் பயன்படுத்தாதவர்: ஓஎல்இடி.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் நேரில் வாங்கினால் கடையிலேயே ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் போட்டால் செத்த புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். எத்தனை புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றிரண்டுக்கு மாற்றித் தராத கம்பெனிகளும் உண்டு என்பதால் பில் போடும் முன்பே கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். வாரண்டியில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

அடுத்தது, பலர் மறக்கும் வேலை. புது மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் முழு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல், '144 வாங்கியும் வித்தியாசமே தெரியல' என்று மாதக்கணக்கில் 60-லேயே ஆடுபவர்கள் உண்டு.

பழைய மானிட்டர் ஓரளவு வேலை செய்தால் இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாம். முழுசாகப் போய்விட்டால் குப்பையில் போட வேண்டாம். எல்இடிக்கு முந்தைய எல்சிடி மானிட்டர்களின் பின்விளக்கில் பாதரசம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுப்பதே சரி.

கடைக்குக் கிளம்பும் முன் மூன்று விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கிராபிக்ஸ் கார்டின் பெயர், மேஜையின் அகலம், படம் பார்க்கும்போது அறை விளக்கு எரியுமா எரியாதா. அந்தச் சீட்டோடு ஒத்துப்போகாத பெட்டியை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீங்க.